ஏழு குழந்தைகள், 71-வது இடம்: ஓர் அடைவு ஆய்வின் முடிவை நான் அறிவித்த விதம்

இது ஒரு வட மாவட்டத்து ஒன்றியத்தில் நடந்தது. நான் அங்கே ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். பள்ளி, ஒன்றியம், ஆண்டு மூன்றையும் சொல்லாமல் விடுகிறேன். ஏழே பேர் படித்த வகுப்பு எது என்று கண்டுபிடிப்பது ஊர்க்காரர்களுக்குப் பெரிய வேலையில்லை. எழுதியதைப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்ன இரண்டு திருத்தங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன.

## பின்னணி

பிள்ளைகள் என்ன கற்றிருக்கிறார்கள் என்று பெரிய அளவில் பார்க்கும் ஆய்வுகள் அரசுப் பள்ளிக்காரர்களுக்குப் பழக்கமானவை. தேசிய அடைவு ஆய்வு 2017 நவம்பர் 13 அன்று 3, 5, 8 வகுப்புகளுக்கு நடந்தது. அடுத்தது 2021 நவம்பர் 12. அதை மறக்க முடியாது. கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் நவம்பர் 1 அன்றுதான் திறந்தன; பென்சில் பிடிக்கவே மறந்து வந்த பிள்ளைகள் பன்னிரண்டாம் தேதி தேர்வில் உட்கார்ந்தார்கள். நாடு முழுக்க 720 மாவட்டங்கள், 1.18 லட்சம் பள்ளிகள், 34 லட்சம் மாணவர்கள். 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 வகுப்புகளுக்கு இன்னொரு தேசிய ஆய்வு. மாநில அளவிலும் 3, 5, 8 வகுப்புகளுக்கு இதே போன்ற ஆய்வு 2025 பிப்ரவரியில் நடந்தது.

இந்த ஆய்வுகளைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசிய அடைவு ஆய்வு ஒரு குழந்தைக்கோ ஒரு பள்ளிக்கோ மதிப்பெண் போடுவதில்லை. மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு, நாட்டுக்கு என்றுதான் அறிக்கை வரும். ஆயிரக்கணக்கான விடைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியும். பயிற்சியில் இதை மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். அப்படியிருந்தும், ஒரு மாநில அளவிலான ஆய்வின் பள்ளிவாரி விவரம் கைக்கு வந்தபோது நான் செய்தது வேறு.

எங்கள் ஒன்றியத்தில் மூன்றாம் வகுப்பு உள்ள அரசு, உதவிபெறும் பள்ளிகள் 74. பாதிக்கு மேல் ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இருவரே பார்க்க வேண்டும். இங்கே சொல்லப்போகும் பள்ளியும் அப்படித்தான். மொத்தம் 34 பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் ஏழு பேர். தலைமை ஆசிரியருக்கு ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருந்தன. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வர வைப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த 2022 முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் கற்பிக்கிறோம். மொட்டு நிலையில் இருக்கும் பிள்ளையை மலர் என்று செயலியில் ஏற்றாதவர் அவர் என்பது பயிற்றுநர்கள் நாங்கள் வேலை செய்யும் வட்டார வள மையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

## பயிற்சி நாள்

ஆய்வைப் பள்ளி ஆசிரியர்கள் நடத்தக் கூடாது. வெளியாட்கள்தான் நடத்த வேண்டும். எங்களுக்கு வந்த களப்பணியாளர்கள் பக்கத்துக் கல்லூரியில் பி.எட். படிக்கும் மாணவர்கள், 58 பேர். வட்டார வள மையத்தில் அரை நாள் பயிற்சி. பயிற்சி கொடுத்தது நான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயந்திரம் திருத்தும் ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டம் நிரப்பத் தெரியாது. அதனால் அவர்கள் வினாத்தாளிலேயே அ, ஆ, இ, ஈ என்ற நான்கில் ஒன்றைச் சுழித்துவிடுவார்கள். தேர்வு முடிந்தபின் களப்பணியாளர் அதைப் பார்த்து ஓ.எம்.ஆர். தாளில் நிரப்புவார். இதை விளக்க ஒரு மாதிரி வினாத்தாளைத் திரையில் காட்டினேன். அதில் எல்லாக் கேள்விக்கும் விடை சுழிக்கப்பட்டிருந்தது. ஒரு கேள்வியைக் குழந்தை விட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் காட்டவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. நேரமெல்லாம் பள்ளியின் அடையாள எண்ணான யுடைஸ் எண்ணை எப்படி நிரப்புவது என்பதிலேயே போயிற்று. போன முறை அதில்தான் நிறையப் பேர் தவறு செய்திருந்தார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னேன்: "எல்லாத் தாளும் அன்னைக்குச் சாயங்காலமே இங்க வந்துடணும்."

## ஆய்வு நாள்

பிப்ரவரியில் ஒரு நாள். அந்தப் பள்ளிக்குப் போன களப்பணியாளர் 22 வயதுப் பையன். காலை ஒன்பதுக்கே போய்விட்டார். தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வெளியே வேப்பமரத்தடியில் மற்ற வகுப்புகளை உட்கார வைத்துக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இதைப் பையனும் பின்னால் என்னிடம் சொன்னார்.

தமிழ்த் தாளில் பிள்ளைகள் ஒன்றையும் விடவில்லை. கணக்கில் 15 கேள்விகள். ஆறாவது கேள்வி பட விளக்கப்படம் பற்றியது: ஒரு படத்துக்கு ஐந்து மாம்பழம் என்று வைத்துக்கொண்டு எண்ணிச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை அந்தப் பள்ளியில் அதுவரை நடத்தியிருக்கவில்லை. ஏழில் ஐந்து பிள்ளைகள் அந்தக் கேள்வியைத் தொடாமல் அடுத்ததற்குப் போனார்கள். "தெரியலன்னா விட்டுடுங்க, குருட்டாம்போக்குல சுழிக்காதீங்க, தெரியாததுதான் டீச்சருக்குத் தெரியணும்" என்று ஆண்டு முழுக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள்.

பக்கத்து ஊரில் தேர்வை முடித்த இன்னொரு களப்பணியாளர் மதியம் இங்கே வந்துவிட்டார். நாலு மணிக்கு ஒரு பஸ், அதை விட்டால் ஆறரை. ஒருவர் வினாத்தாளைப் பார்த்து "ஆ... இ... அ... ஈ" என்று வாசிக்க, மற்றவர் மளமளவென்று நிரப்பினார். கேள்வி எண்ணைச் சொல்லவில்லை. விட்டுப்போன கேள்வி வந்தபோது வாசித்தவர் சத்தமில்லாமல் அடுத்ததைச் சொன்னார். ஏழாம் கேள்வியின் விடை ஆறாம் வரிசையில் ஏறியது, எட்டாவது ஏழில். ஐந்து தாள்களில் அங்கிருந்து கடைசிவரை எல்லாம் ஒரு படி நழுவின. பதினைந்தாம் வரிசை காலியாக நின்றது. கடைசிக் கேள்வியைப் பிள்ளைகள் எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தரை மணிக்குத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. உறைகளை எண்ணி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தேன்.

## பட்டியல்

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பள்ளிவாரியாக ஒரு கோப்பு: பாடத்துக்கு ஒரு சதவீதம், அப்புறம் ஒவ்வொரு கற்றல் விளைவுக்கும், அதாவது கழித்தல், உருவம் கண்டுபிடித்தல் என்று பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய ஒவ்வொரு திறனுக்கும், ஒரு சதவீதம். தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கோப்பில் நூற்றுக்கணக்கான எண்கள். கூட்டத்தில் காட்ட ஏதாவது சுருக்கமாக வேண்டும் என்று வட்டாரக் கல்வி அலுவலர் கேட்டார். அவருக்கு மேலே இருந்து அழுத்தம் இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரேங்க் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. கணக்குச் சதவீதத்தை எக்செல்லில் இறங்குவரிசையில் அடுக்கி, 1 முதல் 74 வரை எண் போட்டு, கடைசிப் பத்துக்குச் சிவப்பு அடித்தது நான். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பள்ளிக்குத் தமிழில் 70, கணக்கில் 40. இடம் 71.

புரொஜெக்டரில் பட்டியல் ஓடியபோது தலைமை ஆசிரியர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு திறந்தே இருந்தது, எதையும் எழுதவில்லை. யாரோ திரையைப் படம் பிடித்துப் போட்டதில் அன்று மாலைக்குள் பட்டியல் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. மறுநாள் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் அவரிடமே கேட்டாராம்: "என்ன டீச்சர், நம்ம ஸ்கூல் கடைசியாமே?"

## அடுத்த மூன்று வாரம்

இந்தப் பகுதியைத் தலைமை ஆசிரியர்தான் கட்டாயம் எழுதச் சொன்னார்.

ஆய்வு எழுதிய பிள்ளைகள் அப்போது நான்காம் வகுப்பில். கூட்டம் முடிந்த திங்கள்கிழமையிலிருந்து கடைசிப் பாடவேளைக் கதை வாசிப்பை நிறுத்திவிட்டார். பழைய வினாத்தாள்களை நகலெடுத்து தினமும் ஒரு தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் வட்டம் நிரப்பும் பயிற்சி. "தெரியலன்னாலும் ஏதாச்சும் ஒண்ணைப் போட்டுடுங்க" என்று தன் வாயாலேயே சொன்னதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் பள்ளிப் பார்வைக்குப் போனேன். பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து வட்டம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சுவரில் தொங்கிய கதைப் புத்தகக் கயிற்றில் புத்தகங்கள் அசையாமல் இருந்தன.

"என்ன மேடம், கதை நேரம்தானே இது?" என்றேன்.

"ரேங்க் வரணும்ல சார்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல சார். தமிழ்ல எழுபது வாங்குன புள்ளைங்க கணக்குல நாப்பதா? எங்க புள்ளைங்களுக்குக் கணக்குதான் நல்லா வரும். உருவம் கண்டுபிடிக்கிறதுகூட வரலன்னு போட்டிருக்கு. சதுரம், முக்கோணம்... ஒண்ணாங்கிளாஸ் புள்ளை சொல்லுமே?"

இந்தக் கேள்வியைப் பட்டியல் போடுவதற்கு முன் நானே கேட்டிருக்க வேண்டும்.

## தேடியது

அன்று இரவு கோப்பைத் திரும்பத் திறந்தேன். எந்தக் கேள்வி எந்தக் கற்றல் விளைவுக்கு என்ற அட்டவணை என்னிடம் இருந்தது. அதை வைத்து, சதவீதங்களைக் கேள்வி வரிசைப்படி அடுக்கினேன். முதல் ஐந்து கேள்விகளில் 35 விடைகளுக்கு 24 சரி, அதாவது 69 சதவீதம். ஆறு முதல் பதினைந்து வரை 70 விடைகளுக்கு 18 சரி, 26 சதவீதம்.

நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நூற்றுக்கு 25 கிடைக்கும். கடைசிப் பத்துக் கேள்விகளில் கடினமானவையும் இருந்தன, நாட்காட்டி பார்ப்பது, உருவங்களை எண்ணுவது போன்ற எளியவையும் இருந்தன. எளியது, கடினமானது என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லாமே குருட்டு அளவில் கிடந்தன. பாடம் தெரியாத வகுப்பில்கூட அப்படி வராது. எளிய கேள்வி எப்படியும் கொஞ்சம் மேலே நிற்கும்.

களப்பணியாளர் பட்டியலில் பையனின் எண் இருந்தது. கூப்பிட்டேன். பயந்துவிட்டார்.

"தம்பி, உங்க மேல புகார் எதுவும் இல்ல. எனக்கு ஒரு விஷயம் தெரியணும். பிள்ளைங்க விட்ட கேள்விக்கு என்ன பண்ணீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "விட்டதுக்கா சார்? அப்படி இருந்த மாதிரியே தெரியலயே... இருங்க சார். அன்னைக்கு ஃப்ரெண்டுதான் படிச்சான். நான் போட்டுக்கிட்டே வந்தேன். கடைசி வரிசை மட்டும் நிறையப் பேருக்குக் காலியா இருந்துச்சு." அப்புறம் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "சார், நழுவிடுச்சா சார்?" என்றார். விட்ட கேள்வியைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

## எடுத்த முடிவுகள்

வினாத்தாள்கள் சீல் வைத்துப் போய்விட்டன. திரும்ப எடுத்துப் பார்க்க வழியில்லை. எழுத்து மூலமாக மேலே தெரிவித்தேன். மாவட்டச் சராசரியில் ஐந்து தாள் எந்த மாற்றத்தையும் தராது, பள்ளிவாரி எண்ணைத் தனியாகத் திருத்த முடியாது என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. முதல் பாதி சரியான பதில்தான். மாவட்டத்துக்காகச் செய்த ஆய்வில் அந்தப் பிழை கரைந்துவிடும். ஏழு பேரை வைத்து நான் ரேங்க் போட்டதால்தான் அது ஒரு பள்ளியின் தலையில் விழுந்தது.

அடுத்து, பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்ப்பது. இதற்கு என்னோடு இன்னொரு பயிற்றுநரும் வந்தார். அதே கற்றல் விளைவுகளுக்கு வேறு எண்களும் வேறு படங்களும் போட்ட 15 கேள்விகள். அவர் கேள்வி எண்ணைச் சொல்லி விடையை வாசித்தார்; நான் எழுதினேன்; அப்புறம் இடம் மாறிச் சரிபார்த்தோம். 105-க்கு 59 சரி, 56 சதவீதம். பிள்ளைகள் இடையில் சில மாதம் வளர்ந்திருக்கிறார்கள், மூன்று வாரம் பயிற்சித்தாள் வேறு எழுதியிருக்கிறார்கள். ஆகவே பிப்ரவரியிலும் 56 வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றியச் சராசரி 58. அதற்குப் பக்கத்தில் நிற்கும் பள்ளி என்று மட்டும் சொல்லலாம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. இந்தத் தாளின் நான்காவது கேள்வியில், 302-இலிருந்து 147 போனால் எவ்வளவு என்பதில், ஏழில் ஒருவர்தான் சரி. மறுபடி கோப்பைப் பார்த்தேன். பிப்ரவரித் தாளிலும் கழித்தல் நான்காவது கேள்விதான். அதிலும் ஏழில் ஒருவர். நழுவல் ஆறாவதில்தான் ஆரம்பித்தது, ஆகவே அந்த எண் உண்மையானது. முதல் ஐந்தில் மற்ற நான்கு கேள்விகளிலும் 28-க்கு 23 சரி. நடுவில் கழித்தல் மட்டும் பள்ளமாக இறங்கியிருந்தது. ஆய்வு அந்தப் பள்ளிக்குச் சொல்ல வைத்திருந்த ஒரே உருப்படியான செய்தி அதுதான். அது என் கோப்பிலேயே இருந்தது. 71 என்ற எண்ணைத் திரையில் போட்டதால் நானும் அதைப் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

## கழித்தல்

ஐந்து பிள்ளைகள் 245 என்று சுழித்திருந்தார்கள். இது குருட்டாம்போக்கு விடை இல்லை. ஒரு சிறுமியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டச் சொன்னேன். 302 எழுதினாள், கீழே 147 எழுதினாள், கோடு போட்டாள். ஒன்றாம் இடத்தில் 2, கீழே 7. விரலை 7-இல் வைத்துக்கொண்டு "ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றாள். பத்தாம் இடத்தில் பூஜ்யம், கீழே 4. "நாலுல ஒண்ணுமில்ல போனா நாலு." நூறாம் இடத்தில் "மூணுல ஒண்ணு போனா ரெண்டு." 245.

"கீழ இருக்கிறதுல இருந்து மேல இருக்கிறதை ஏம்மா கழிக்கிற?"

"பெருசுல இருந்துதான சார் சின்னதைக் கழிக்கணும்?"

முழு எண்ணுக்குச் சொன்ன விதியை அவள் ஒவ்வொரு இலக்கத்துக்கும் நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கிறாள். தலைமை ஆசிரியர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான்தான் சார் அப்படிச் சொல்லிக் குடுத்தேன், ரெண்டாங்கிளாஸ்ல" என்றார்.

அடுத்து என்ன செய்வது என்பதை நான் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்தார். "கடன் வாங்கு" என்ற சொல் அந்தப் பிள்ளைகளுக்கு எதையும் சொல்லவில்லை. பக்கத்து இலக்கத்திடம் எதற்குக் கடன் வாங்க வேண்டும், எப்போது திருப்பித் தர வேண்டும்? அட்டையில் நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் வெட்டினார். மூன்று நூறும் இரண்டு ஒற்றையும் ஒரு பிள்ளை கையில். கடைக்காரராக இருக்கும் பிள்ளைக்கு 147 ரூபாய் கொடுக்க வேண்டும். ஏழு ஒற்றை இல்லை, பத்து ரூபாய்த் தாளும் இல்லை. பிள்ளை நூறு ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "டேய், சில்லறை மாத்துடா!" என்றான். நூறைக் கொடுத்துப் பத்துப் பத்தாக வாங்கி, அதில் ஒரு பத்தைக் கொடுத்து ஒற்றையாக வாங்கினார்கள். இப்போது 12 ஒற்றையில் ஏழு, ஒன்பது பத்தில் நான்கு, இரண்டு நூறில் ஒன்று கொடுத்தாயிற்று. மிச்சம் 155.

அன்றிலிருந்து அந்த வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் என்று யாரும் சொல்வதில்லை, சில்லறை மாற்றுவதுதான். முதல் வாரம் அட்டைப் பணம், இரண்டாம் வாரம் அட்டையும் எழுத்தும், மூன்றாம் வாரம் எழுத்து மட்டும். முடிவில் ஏழில் ஐந்து பேர் நடுவில் பூஜ்யம் வரும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். ஒரு பையன் இரண்டு இலக்கம் வரை போடுகிறான். இன்னொரு பெண்குழந்தை அட்டை இருந்தால் போடுகிறாள், இல்லாவிட்டால் திணறுகிறாள். ஆண்டு முடியும்வரை அப்படித்தான் இருந்தாள்.

வட்டம் நிரப்பும் தாள்களை அவர் நிறுத்திவிட்டார். கடைசிப் பாடவேளையில் கதை திரும்பி வந்தது.

## அடுத்த கூட்டம்

பட்டியலைத் திரும்பப் பெறுவதில் எனக்குத் தயக்கம் இருந்தது. ஒரு பள்ளிக்கு மட்டும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் 74 பேர் முன்னால் காட்டியதை ஒருவரிடம் மட்டும் திருத்த முடியாது. வட்டாரக் கல்வி அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எரிச்சல்தான். "இப்படிச் சொன்னா நாளைக்கு எல்லா ஸ்கூலும் எங்க தாளும் நழுவுச்சும்பாங்களே?" என்றார். நியாயமான கவலை. நான் பட்டியலை அவர் முன்னால் திறந்து, பத்துப் பேருக்குக் குறைவான வகுப்புகளுக்கு மட்டும் நிறம் போட்டுக் காட்டினேன். முதல் பத்து இடங்களில் ஏழு, கடைசிப் பத்து இடங்களில் எட்டு. முதலிடம் வந்த பள்ளியில் ஐந்தே பிள்ளைகள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் பெரிய பள்ளிகள்.

"சின்ன ஸ்கூல்தான் பெஸ்ட், சின்ன ஸ்கூல்தான் மோசம். ரெண்டும் எப்படி சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அப்புறம் சரி என்றார்.

காரணம் எளியது. ஏழு பேர் வகுப்பில் ஒரு பிள்ளை 14 சதவீதம். ஒரு வகுப்புக்குள் பிள்ளைக்குப் பிள்ளை 20 மதிப்பெண் அளவுக்கு ஏற்றத்தாழ்வு இருந்தால், ஏழு பேரின் சராசரி எந்தத் தவறும் இல்லாமலே இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 15 வரை ஆடும். முப்பது பேர் என்றால் ஏழு. ஒன்றியத்தில் 20-ஆம் இடத்துக்கும் 55-ஆம் இடத்துக்கும் இடையில் மொத்த வித்தியாசமே 11 சதவீதம்தான். அன்றைக்குக் காய்ச்சலில் யார் வரவில்லை என்பதைப் பொறுத்து 35 இடம் மாறியிருக்கும்.

கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். நான் கொடுத்த பயிற்சியில் என்ன விட்டுப்போனது என்றும், அதனால் எத்தனை பள்ளிகளின் தாள் நழுவியிருக்கும் என்று உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னேன். களப்பணியாளர்களில் தொடர்பு கிடைத்தவர்களைக் கேட்டதில் பெரும்பாலோர் கேள்வி எண்ணைப் பார்த்தே நிரப்பியிருந்தார்கள். ஒன்பது பேருக்கு நினைவில்லை. அந்த ஒன்பது பேர் போன பள்ளிகளின் பெயரைத் தலைமை ஆசிரியர்களிடம் தனித்தனியாகத் தெரிவித்தேன். பட்டியலை நீக்கச் சொல்லி மூன்று குழுக்களிலும் போட்டேன். படம் எங்கெல்லாம் போயிற்று என்பது என் கையில் இல்லை.

அதற்குப் பதிலாகக் காட்டியது இரண்டே பக்கம். பத்துப் பேருக்குக் குறைவான வகுப்புகளைக் குறுவள மைய அளவில், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பாக, சேர்த்துவிட்டோம். கற்றல் விளைவுவாரியாக எது பள்ளம் என்று மட்டும் காட்டினோம். ஒன்றியம் முழுக்கக் கழித்தல்தான் பள்ளம். பள்ளிகளில் பிள்ளைகள் போட்ட தவறான விடைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். 245 வகைத் தவறு பதினெட்டுப் பள்ளிகளில் இருந்தது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் சில்லறை மாற்றுவதைச் செய்து காட்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் கையைத் தூக்கினார்.

அடுத்த ஜூனில் அந்த ஏழு பேரில் ஒரு குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். வீட்டு வாசலுக்கே வேன் வருகிறது என்று அப்பா காரணம் சொன்னார். பட்டியல்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இல்லவே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

## இப்போது மாற்றியிருப்பவை, இன்னும் மாறாதவை

பயிற்சியில் இப்போது காட்டும் மாதிரி வினாத்தாளில் வேண்டுமென்றே மூன்று கேள்விகளை விட்டு வைத்திருக்கிறேன்; ஒன்று நடுவில், இரண்டு அடுத்தடுத்து. எல்லோரும் அதை ஓ.எம்.ஆர். தாளில் நிரப்பிக் காட்டிய பிறகுதான் மதியச் சாப்பாடு. முதல் முறை செய்தபோது 60 பேரில் பதினான்கு பேர் நழுவவிட்டார்கள், நிதானமாக உட்கார்ந்து நிரப்பியபோதே. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டைக் கீற்று கொடுக்கிறோம். நிரப்பும் வரிசைக்குக் கீழே அதை வைத்துக்கொண்டு நகர்த்த வேண்டும். வாசிப்பவர் கேள்வி எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும், விடையில்லை என்றால் "ஆறு, காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொலைவில் உள்ள பள்ளிகளின் தாள்களை மறுநாள் காலை பத்து மணிவரை வாங்குகிறோம். இரவு அவற்றைக் காவலில் வைக்கும் பொறுப்பு கூடுதல் தலைவலிதான். நாலு மணி பஸ்ஸுக்காக ஓடுவதற்கு அது மேல்.

பள்ளிவாரிக் கோப்பு வந்தால் முதலில் கேள்வி வரிசைப்படி அடுக்கிப் பார்க்கிறேன். எளிய கேள்வியில் 25-க்குப் பக்கத்தில் நிற்கும் வகுப்பு எதுவும் இருந்தால், கூட்டத்துக்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒரு போன்.

எது நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முடிவு பள்ளிக்கு வரும்போது பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறார்கள். எந்தத் தவறான விடையை எத்தனை பேர் சுழித்தார்கள் என்ற விவரம் எங்களுக்கு வருவதில்லை. சரி, தவறு என்பதன் சதவீதம் மட்டுமே வருகிறது. 245-ஐ நாங்கள் கண்டுபிடித்தது மறுபடி ஒரு தாள் வைத்ததால்தான். அந்த விவரத்தை ஒவ்வொரு கேள்விக்கும் தரச் சொல்லி, தலைமை ஆசிரியரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று மேலே போயிருக்கிறது. இதை எழுதும்வரை பதில் வரவில்லை.